வேலை இழந்தோர்க்கு வேண்டுவது யாது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலைப் பொழுதில் வேலை இழந்தோரைப் பற்றிப் பேசுவது பொருத்தமா எனச் சிலர் எண்ணக்கூடும். அகமதாபாத்தில் வாழும் தமிழராகிய நாம் இதனைப் பேசாதிருத்தலே பொருத்தமன்று. 1861 இல் இந்நகரின் முதற் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. ஆலைகளை நம்பியும் இரயில்வேயை நம்பியுமே நம் முன்னோர் பலர் மூட்டை முடிச்சுகளுடன் இங்கு வந்து இறங்கினர். 1980களிலும் 1990களிலும் அவ்வாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அத்துயரை நம் காலனியில் அறியாத வீடு குறைவு.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பித்தல் நிதி நிறுவப்பட்டது. வேலை இழந்தோர்க்கு ஆலோசனை, மறுபயிற்சி, மறுவேலை ஆகிய மூன்றும் அளிப்பது அதன் நோக்கங்களுள் அடங்கும். ஆயினும் பெரும்பணம் விருப்ப ஓய்வுத் தொகையாகவே சென்றது. பயிற்சிக்குச் சென்றது சிறு பங்கே. பயிற்சியில் சேர்வதும் எளிதன்று. இருபது ஆண்டுகள் தறியின்முன் நின்றவர் மீண்டும் மாணவராக அமர வேண்டும். பயிற்சியின் பலனோ ஆறு மாதம் கழித்து வரும். காய்கறி வண்டி தள்ளினால் இன்றே கூலி வரும். அடுப்பு ஆறு மாதம் காத்திருக்குமா?

அவ்வடுப்பை அணையாமற் காத்தவர் யார் என்பதையும் இந்நகரமே காட்டியது. 1968 இல் இரு பெரிய ஆலைகள் மூடப்பட்டபோது, தெருவில் விற்றும் வீட்டில் தைத்தும் குடும்பத்தைத் தாங்கியவர் பெண்களே என்பதை, ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய இளா பட் அம்மையார் கண்டார். 1972 இல் ‘சேவா’ என்னும் பெண் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகிறோம். அவ்வன்பர் இச்சபையிலேயே இருக்கிறார். அவரது இசைவு பெற்றே கூறுகிறோம். தொழிற்கூடம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் உழைத்தவர், ஆள் குறைப்பில் வேலை இழந்தார். வீட்டில் சொல்ல நாணி, நாள்தோறும் டிபன் பாத்திரத்துடன் புறப்பட்டு, நம் இரயில் நிலைய நடைமேடையில் மாலைவரை அமர்ந்திருப்பார். கவுண்டருக்குள்ளிருந்து நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். “வண்டிக்கா காத்திருக்கிறீர்கள், அண்ணா?” என்று ஒருநாள் கேட்டதோடு சரி. செய்தி தெரிந்தபின் வீட்டுக்கு வீடு பணம் திரட்டி உறையில் இட்டுக் கொடுத்தோம். அவர் தலை குனிந்தபடியே வாங்கிக்கொண்டார். “உம்மிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?” என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டோம். அட்டை அலமாரியில் இருந்தது! உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியது என்னவென்று அறியாமல், தானமாகக் கொடுத்து அவரைக் கூசச் செய்தோம். அக்குறை நம்முடையதே.

ஆகவே சிலவற்றை நாம் அறிந்திருத்தல் நலம். ஆலை மூடலாலும் ஆள் குறைப்பாலும் வேலை இழந்த காப்பீட்டாளர்க்கு உதவித்தொகையும், தொழிற் பயிற்சிக் கட்டணமும் பயணச் செலவும் வழங்கும் திட்டத்தை இ.எஸ்.ஐ. 2005 ஏப்ரல் 1 இல் தொடங்கியது. 2018 ஜூலை 1 இல் மற்றொரு திட்டம் வந்தது. அதன்படி 90 நாள் வரை கிடைக்கும் தொகை, சராசரி வருவாயில் நூற்றுக்கு 25 என்றிருந்தது, 2020 இல் 50 ஆக உயர்த்தப்பட்டது. இத்தகைய திட்டங்களின் காலமும் விதிகளும் மாறுபவை; கிளை அலுவலகத்தில் விசாரித்தல் அவசியம்.

2020 இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, ஆள் குறைப்புக்கு உள்ளானவரின் மறுபயிற்சிக்கென 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் செலுத்த வேண்டும் என்கிறது. ஆள் குறைத்த 45 நாளுக்குள் அது தொழிலாளியைச் சேர வேண்டும். 15 நாள் சம்பளம் 15 நாளுக்கே அரிசியாகும். எஞ்சிய நாட்களுக்கு யார் துணை?

நாமே துணை என்று சொல்லத் துணிகிறோம். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் சங்க நூலகம் திறந்திருக்கட்டும். நாம் மெட்ரிகுலேஷன் வரையே படித்தோம். எனினும் படிவம் நிரப்புவதே நம் வாழ்நாள் தொழில்! குஜராத்தி, இந்தி, ஆங்கிலப் படிவங்களை நிரப்பித் தருவோம். அடுத்து, பயிற்சியில் சேரும் எவர்க்கும் பயிற்சி முடியும்வரை மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சங்கம் அளிக்கட்டும். வேலை கிடைத்தபின் அவர் அடுத்தவருக்காகத் திருப்பித் தரட்டும். அப்போது அது தானமாகாது, முறையாகும்.

நாம் கூறிய அன்பர் இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கக் கற்று வருகிறார். அவர்தம் துணைவியார் இட்லி மாவு அரைத்து விற்று வீட்டைத் தாங்குகிறார். இனி நம்மவர் எவரேனும் நடைமேடையில் வெறுமனே அமர்ந்திருக்கக் கண்டால், அருகில் சென்று அமர்வோம். அட்டையைப் பற்றிக் கேட்போம்.