வரி கட்டியவர்களுக்கு ஒரு நாற்காலி

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன இரண்டொரு செய்திகளைச் சேர்த்திருக்கிறேன்.)

 

'நூலகமும் சமுதாய நிகழ்ச்சிகளும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். படிப்பகங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்பதால், கட்டுரை மாதிரி ஏதாவது வாசிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் போன நவம்பரில் இந்த வாசலில் நடந்ததைச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் பேச வராது.

நூலக வார விழா. வழக்கம்போல பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, புரவலர்களுக்குச் சால்வை, சிறப்பு விருந்தினர். தொடக்க நாளில் காலனிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பறை இசைக்க வைக்கலாம் என்று சொன்னது நான்தான். பறை எங்கள் விடுதலையின் இசை, சாவுக்கு மட்டும் அடிக்கச் சொன்ன கருவியைப் பொது நிகழ்ச்சியில் தலைநிமிர்ந்து ஒலிக்க வைப்பதே ஓர் அரசியல் என்று வட்டத்தில் வாதாடினேன். எல்லோரும் உடனே சரி என்றார்கள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏழு பிள்ளைகள் வந்தார்கள். விருந்தினரின் கார் வந்து நின்றது. கேட்டிலிருந்து வாசற்படி வரை அடித்துக்கொண்டே வந்தார்கள். விருந்தினர் உள்ளே போனார். அவர் பின்னால் எல்லோரும் உள்ளே போனார்கள். நம் நூலகத்தில் இருப்பது முப்பத்தைந்து, நாற்பது நாற்காலி. ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, "அக்கா, அடிச்சு முடிச்சிட்டோம். நாங்க உள்ள வந்து உக்காரலாமா?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். இடமில்லை. "கொஞ்சம் இரும்மா" என்றேன். யாரோ பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். நன்றியுரை முடிந்து நான் வெளியே வந்தபோது பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.

யாரும் அவர்களை உள்ளே வராதே என்று சொல்லவில்லை. கதவு அகலத் திறந்துதான் இருந்தது. வாசலில் அடித்துவிட்டு வெளியிலேயே நின்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவது என்கிற பழைய ஏற்பாடு, ஒரு நூலகத்தில், என் ஏற்பாட்டிலேயே, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் நடந்து முடிந்தது. பறையை மேடைக்குக் கொண்டுவருவதைப் பற்றி யோசித்த நான், அடிக்கும் பிள்ளை எங்கே உட்காரும் என்று யோசிக்கவில்லை.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். நிறைவேறியது, அரசாணையும் வந்தது. நூறாண்டுக்கு முன் காகிதத்தில் கிடைத்த அந்த உரிமை, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வாசற்படியிலும் தனித்தனியாக நடந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன்தான் தொடங்கி வைத்தார். நூலகத் துறையில் எல்லோரும் பெருமையோடு சொல்லும் செய்தி இது. பெருமைதான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அதைப் படித்ததும் மனசில் எழுகிற முதல் கேள்வி, வண்டி எந்தத் தெருவில் நின்றது என்பதுதான்.

அதே ரங்கநாதனின் முயற்சியால் வந்தது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். நூலகத்துக்கென்று தனி வரி வைத்த சட்டம் அது. இன்று ஒரு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்துக் காசு நூலக வரி. எங்கள் அம்மா வீட்டு வரி ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். தொகுப்பு வீட்டுக்கும் அந்த வரி தவறாமல் வந்திருக்கிறது. இருபது வருடமாக நூலக வரி கட்டிய என் அம்மா, போன மார்ச் வரை இந்த நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. அந்தச் சுவரில் புரவலர் பெயர்ப் பலகை தொங்குகிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். அவர்கள் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஐந்தும் பத்துமாக இருபது வருடம் கட்டியவர்களுக்கு ஒரு பலகையும் கிடையாது, அவ்வளவுதான்.

மார்ச்சில் அம்மா ஏன் வந்தார் என்று சொல்கிறேன். நவம்பருக்குப் பிறகு நானும் இரண்டு தோழர்களும் நூலகர் அக்காவிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசையை வாங்கிக்கொண்டோம். என் லேப்டாப். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இலவசமாகப் பதிந்து தருவது. வெளியில் ஒவ்வொன்றுக்கும் நூறு, நூற்றைம்பது கேட்கிறார்கள். ஓடிபி வருகிற போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், அவருக்குப் போன் போட்டு எண்ணை வாங்கி அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இதுதான் எங்கள் 'சமுதாய நிகழ்ச்சி'.

வட்டத்தில் மூத்த ஐயா ஒருவர், "நூலகத்தை இ-சேவை மையம் ஆக்கிடாதீங்கம்மா" என்று வருத்தப்பட்டார். அவர் நல்லவர். நான் பத்தாவது படிக்கும்போது அகராதி வாங்கிக் கொடுத்தவர். அவர் வருத்தத்தில் நியாயமும் உண்டு. படிவம் நிரப்ப வந்தவர்களில் பாதிப்பேர் புத்தக அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் திரும்பினார்கள். தரையில் உட்கார்ந்து படக்கதைகளைப் புரட்டினார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று ஆனது, அப்படித்தான் ஞாயிறு கதை நேரம் வந்தது. அதை யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை.

என் ஆய்வில் நான் பார்ப்பதும் இதுதான். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் 1907-இல் தொடங்கி, கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வரை போய்ச் சேர்ந்தது. பின்னாளில் சுயமரியாதைக்காரர்களும் திராவிட இயக்கத்தாரும் நடத்திய படிப்பகங்களில், டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், ஒருவர் சத்தமாக வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். அமைதி காக்கவும் என்ற பலகை அங்கே இல்லை. மனு எழுதிக் கொடுப்பதும் அங்கேயேதான். வாசிப்பு என்பது ஒற்றை ஆள் மௌனமாகச் செய்யும் காரியம் என்பதும், அதற்குக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்பதும் வீட்டில் தனி அறை உள்ளவர்களின் பழக்கம்.

அமெரிக்காவில் 1961-இல் டூகலூ கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவர்கள், ஜாக்சன் நகரில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நூலகத்துக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோஷம் போடவில்லை. படித்தார்கள். கைது செய்தார்கள். நம்மை இங்கே யாரும் கைது செய்யப் போவதில்லை. நமக்குப் பிஸ்கட் கொடுக்கிறார்கள். அதனால்தான் நம் வேலை கொஞ்சம் கடினம்.

புத்தகம் வீடு தேடி வந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பக்கத்து ஊராட்சியில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் இருக்கிறது. 2006-க்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க ஊராட்சி தோறும் கட்டினார்களே, அதில் ஒன்று. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கிறது. கட்டடமும் புத்தகமும் இருந்தும், நிகழ்ச்சியும் ஆளும் இல்லாத நூலகம் அப்படித்தான் ஆகும். அதனால் விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த நவம்பரிலும் விழா நடக்கட்டும், பறையும் வரட்டும். பிள்ளைகளிடம் கேட்டேன். "அடிக்கிறோம், ஆனா பேச்சுப் போட்டியிலயும் பேரு குடுப்போம்" என்றார்கள். பேச்சுப் போட்டித் தலைப்பை அவர்களே ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: 'எங்கள் தெருவுக்கு ஏன் பஸ் வருவதில்லை'. வட்டம் இதை ஏற்க வேண்டும். நாற்காலியை வாடகைக்கு எடுக்கலாம், முடியாவிட்டால் விருந்தினர் உட்பட எல்லோரும் பாயில் உட்காரலாம்.

கடைசியாக ஒன்று. நம் நூலகம் காலை 8 முதல் 11 வரை, மாலை 4 முதல் 7 வரை. ஷூ கம்பெனி பஸ் பெண்களை ஏழேகாலுக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறது. அதில் வருகிற பத்துப் பன்னிரண்டு பேர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள், பஸ்ஸிலேயே. மாலை நேரத்தை இரவு ஒன்பது வரை நீட்டவும், அவ்வளவு நேரம் நூலகர் அக்கா ஒருவரே இருக்க முடியாது என்பதால் இன்னொரு பணியாளரைக் கேட்டும் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசல் பக்க மேசையில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாதான் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கீழே இடம் நிறைய இருக்கிறது. பேனா நூலகத்துடையது, வைத்துவிட்டுப் போங்கள்.