கோடை வெப்பமும் இடிமழையும்: எல்லைப்புறத்தில் முன்னெச்சரிக்கை

(உரையின் எழுத்து வடிவம்)

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய் ஆகும். பருவமழைக் காலத்தில் ஈரக்காற்று கோவைப் பகுதியை அடைவது இதன் வழியே. வறண்ட மாதங்களில் தமிழகச் சமவெளியின் உலர்காற்று பாலக்காட்டினுள் புகுவதும் இதன் வழியே. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2024 ஏப்ரல் இறுதியில் அம்மாவட்டத்தில் வெப்ப அலை நிலவுவதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது.

வெப்ப அலை என்பது வெறும் உணர்வன்று. அதற்கு வரையறை உண்டு. அதிகபட்ச வெப்பநிலை சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரியையேனும் எட்ட வேண்டும். அத்துடன் அது இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருக்க வேண்டும். சமவெளி மக்களுக்கு இதமாகத் தோன்றும் 30 டிகிரி, நிழலிலும் ஈரத்திலும் வளரும் ஏலச்செடிக்குக் கேடாகலாம். 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெரிதும் கருகியது இதற்குச் சான்றாகும்.

இதே வெப்பம் பிற்பகலில் இடிமேகங்களை எழுப்புகிறது. இவை விரைவில் தோன்றி விரைவில் கலைவதால், முதல்நாள் முன்னறிவிப்பில் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகக் குறிப்பிட இயலாது. எனவே டாப்ளர் ரேடார், செயற்கைக்கோள் ஆகியவற்றின் துணையுடன் அடுத்த 3 மணி நேரத்திற்கான உடனடி முன்னறிவிப்பு வெளியிடப்படுகிறது. ஆயினும் ரேடார் கதிரை மலைகள் மறைக்கின்றன. தொலைவு கூடக்கூடக் கதிர் உயர்ந்து செல்வதால் தாழ்வான மேகப்பகுதி அதன் பார்வைக்குத் தப்புகிறது. இக்குறையைத் தரைநிலை வானிலை நிலையங்களும் மின்னல் உணர்கருவிகளும் ஓரளவு ஈடுசெய்கின்றன.

எச்சரிக்கை உருவாவது ஒன்று. உரியவரைச் சேர்வது மற்றொன்று. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கிக்குச் செல்கின்றனர். அவர்களது ஊருக்கான முன்னறிவிப்பு சென்னையிலிருந்தும், வேலை செய்யும் இடத்திற்கானது திருவனந்தபுரத்திலிருந்தும் வெளிவருகின்றன. மின்னல் அபாயம் மிகும் பிற்பகலில் அவர்கள் இருப்பதோ மலைச்சரிவில். அங்கு தேவைப்படும் செய்தி மலையாளத்தில் மட்டும் கிடைத்தால், அதன் பயன் பாதியாகிவிடும்.

கடுங்கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதெனக் கேரளத் தொழிலாளர் துறை ஆணையிடுவதுண்டு. வெப்ப அலையை 2024இல் தமிழகமும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இவ்விரு முயற்சிகளும் எல்லையில் இணைய வேண்டும். இரு மாவட்ட நிர்வாகங்களும் எச்சரிக்கைகளை உடனுக்குடன் பகிர்வது, தோட்டக் கண்காணிப்பாளர் வழியே தமிழில் அறிவிப்பது, இடி கேட்டவுடன் ஒதுங்க உறுதியான கட்டடத்தை முன்கூட்டியே குறித்து வைப்பது ஆகியவை பெருஞ்செலவின்றி இயலும் பணிகளே. கருவி அளந்ததைக் காலத்தே கடைசித் தொழிலாளியிடம் சேர்ப்பதே நிர்வாகத்தின் கடமையாகும்.