கல்லெழுத்தும் வாய்க்காலும்

(குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் ஊர்த் திருக்கோயிலின் கும்பாபிஷேகம் இனிது நிறைவேறியது. விமானம் புதுப்பொலிவு பெற்றது, கலசம் ஒளிர்கின்றது. இந்நன்னாளில், கோயிலோடு சேர்த்துக் காக்கவேண்டிய மற்றொரு செல்வத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அஃது இவ்வூரின் வரலாறு.

நம் வயல்களுக்கு நீர் தருவது உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரிந்து, திருச்சிராப்பள்ளி நகரினூடே சென்று, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகின்றது. உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராசராச சோழனின் விருதுப்பெயர். தேவாரம் பாடிய மூவரும் போற்றிய திருக்கற்குடியும் இன்று உய்யக்கொண்டான் திருமலை என்றே வழங்குகின்றது. சோழனின் அரண்மனைகள் மண்ணோடு மண்ணாயின. அவன் பெயரோ உழவர் நாவிலும் ஓடும் நீரிலும் நிலைபெற்றுவிட்டது.

நம் ஊரைப் போன்ற சிற்றூர்களின் வரலாறு பெருநூல்களில் இடம்பெறுவதில்லை. அது கோயில் சுவரில் இருக்கின்றது. வாய்க்காலின் பெயரில் இருக்கின்றது. முதியோர் நினைவில் இருக்கின்றது. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. கோயிலுக்கு நிலம் அளித்த செய்தியைக் கூறும் சோழர்காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன வதிக்குக் கிழக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று எல்லை குறித்திருப்பார்கள். வாய்க்காலும் வதியும் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பகுத்தன. அவற்றின் பெயர்கள் மறைந்துபோனால், கல்லெழுத்தைப் படிக்க முடியும். ஆனால் நிலத்தைக் காணமுடியாது. விளக்கெரிக்க நிலம் தந்த புண்ணியவானின் தருமம் அதனோடு மறைந்துபோம். பெயரை மறப்பது அறத்தை மறப்பதாகும்.

பழங்கோயிலைப் புதுப்பிக்கும்போது எழுத்தைக் காத்த முறைக்கு நம் முன்னோரே சான்றாவர். கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் மூலக்கோயிலைப் பிரித்துக் கட்ட இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை யெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கவும் பணித்தான். பின்னர் அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், அப்புத்தகத்தைப் பார்த்து அவை மீண்டும் புதுச்சுவரில் பொறிக்கப்பட்டன. காவிரிக்கரைத் திருக்கோடிகாவிலில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்தபோதும் பழைய கல்வெட்டுகள் மீண்டும் பொறிக்கப்பெற்றன. தம் பெயரைப் பொறிக்கும் உரிமையுடைய அரசரும் அரசியும், தமக்கு முன்னோர் செய்த சிறு தருமத்தை அழியவிடவில்லை. இதனினும் உயர்ந்த திருப்பணி இலக்கணம் வேறு வேண்டுமோ?

காவாது விட்டால் நேர்வது யாதென்பதற்கும், காத்த குறிப்பு எவ்வாறு உதவும் என்பதற்கும் அரியலூர் மாவட்டத்துச் சிற்றூரான ஸ்ரீபுரந்தான் சான்று. பூசை நின்று பூட்டிக்கிடந்த அவ்வூர்க் கோயிலிலிருந்து நடராசப் பெருமான் திருமேனி களவுபோயிற்று. கடல்கடந்து, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்தை அடைந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த நிழற்படம் அதனை அடையாளங்காட்டத் துணைநின்றது. 2014-இல் பெருமான் தாயகம் திரும்பினார். ஒரு படம் ஓர் ஊரின் இறைவனை மீட்டுத் தந்தது.

ஆதலின், தருமவான்களே, மூன்று வேண்டுகோள்களைத் தங்கள் முன் வைக்கின்றேன். இனி எக்காலத்துத் திருப்பணியிலும் எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணமோ வண்ணமோ பூசாதீர். மணலை வீசித் தேய்க்காதீர். கல்வெட்டறிஞரைக் கொண்டு முதலில் படியெடுப்பியுங்கள். வாய்க்கால், மதகு, மடை, கண்ணாறு ஒவ்வொன்றின் பெயரையும் முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாகத் தூர்வாரிய முறையையும் அதிலே சேருங்கள். திருமேனிகள், பெயர் வெட்டிய விளக்குகள், மணிகள் யாவற்றையும் படமெடுத்து, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றை ஊருக்கு வெளியே காப்பான இடத்திலும் வையுங்கள்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. தலைப்பில் திறந்த நீர் கடைமடை வரை செல்லவேண்டுமாயின், இடையிலுள்ள ஒவ்வோர் ஊராரும் கரையைக் காக்கவேண்டும். முன்னோர் நினைவும் அத்தகையதே. நம் காலத்தில் கரை உடையாதிருக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக!