செவியும் நடையும்



காது எதற்கு என்று கேட்டால், கேட்பதற்கு என்றே நாம் அனைவரும் விடை கூறுவோம். அவ்விடை பாதி உண்மை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமான நிரையில் மரத்துக்கு மரம் விரைகிறோம் அல்லவா? அப்பொழுது தடுமாறி விழாமல் நம்மை நிமிர்த்தி வைப்பதிலும் காதுக்குப் பெரும் பங்கு உண்டு. கேட்கும் திறன் குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது வேலையிலும் குறை இருக்கக்கூடும். அதனைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கண்டறிவது எங்ஙனம் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

உட்செவி என்பது தலையோட்டின் எலும்புக்குள் அமைந்த மிகச் சிறிய உறுப்பு. அதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் பகுதி ஒலியை உணர்கிறது. அதனை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவதைக் குழாய்கள் உணர்கின்றன. தலை சாய்வதையும், முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்வதையும் பைகள் உணர்கின்றன. இவை அனைத்தும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளைப் போன்றவை. உள்ளே இருக்கும் நீர்மம் ஒரே வகையானது. உணரும் நுண்ணணுக்களும் ஒரே இனத்தவை. ஆகவே ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்கும் பரவுவதில் வியப்பில்லை.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கு நிலையான செவிக்குறை இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். செவிக்குறை எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சமநிலைக் குறையும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. பரம்பரைக் காரணங்கள், கருவுற்ற காலத்தில் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ், மூளை உறைக் காய்ச்சல் ஆகியவை இரண்டையும் ஒருசேரத் தாக்க வல்லவை. கடும் தொற்று நோயுற்ற பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் சில வேளைகளில் உட்செவியைப் பாதிப்பதுண்டு. இதைக் கேட்டு அம்மருந்தை வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். அது உயிர் காக்கும் மருந்து. மருந்து பெற்ற குழந்தையின் செவியைப் பின்னர் சோதித்துப் பார்ப்பதே முறை.

இனி, ஒரு குழந்தையை எண்ணிப் பார்ப்போம். அதற்குக் காது கேளாது என்று தெரிந்துவிட்டது. கருவியும் பொருத்தியாயிற்று. ஆனால் ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. "பிள்ளை பருமனாக இருக்கிறான், அதனால்தான்" என்கிறார் பாட்டி. "இவன் அப்பனும் தாமதித்தே நடந்தான்" என்கிறார் தாத்தா. "காது கேட்காத பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்கிறார் அண்டை வீட்டார். எண்ணெய் தேய்க்கிறார்கள்; நடைவண்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். நாள் போகிறது. அனைவரும் அன்பினால் பேசுகிறார்கள். எனினும் உண்மைக் காரணத்தை எவரும் தேடவில்லை.

பெரியவர்களாகிய நமக்குத் திடீரெனச் சமநிலை கெட்டால், தலை சுற்றுகிறது என்று கூறிவிடுவோம். பிறவியிலேயே அக்குறை உள்ள குழந்தை அப்படிக் கூறாது. உறுதியாக நிற்பது எப்படியிருக்கும் என்பதையே அது அறியாது. ஆதலால் கவனித்துப் பார்க்க வேண்டியவர்கள் பெற்றோரும் குழந்தைக் காப்பகத்து ஆயாமாரும்தாம்.

எதைக் கவனிப்பது? 4 மாதம் நிறைந்தும் தலை நிற்கவில்லை; 9 மாதம் ஆகியும் பிடிப்பின்றி உட்காரவில்லை; 18 மாதம் ஆகியும் தனியே நடக்கவில்லை: இவற்றில் ஏதொன்று கண்டாலும் மருத்துவரிடம் கூறுங்கள். சற்று வளர்ந்த பிள்ளையாயின், இருட்டில் அடிக்கடி விழுவதும், மணலிலும் மெத்தையிலும் தடுமாறுவதும், ஒற்றைக் காலில் நிற்க இயலாமையும், சைக்கிள் பழகுவதில் பெருந்தொல்லைப்படுவதும் அடையாளங்கள். பகலில் கண் துணை செய்கிறது. இருட்டில் அத்துணை இல்லை.

ஆயினும் ஒரு காதில் மட்டும் குறையிருந்தால் இவ்வடையாளங்கள் தோன்றாமலும் போகலாம். அதனால்தான் சோதனை வேண்டப்படுகிறது. பெல்ஜியம் நாட்டின் ஃபிளாண்டர்ஸ் வட்டாரத்தில், நிலையான செவிக்குறை கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு ஏறக்குறைய 6 மாத வயதில் சமநிலைச் சோதனையும் செய்யும் திட்டம் 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கென்ட் பல்கலைக்கழக மருத்துவமனை அதனை முன்னின்று நடத்தியது.

அச்சோதனை எளியது. குழந்தை தாயின் மடியிலேயே இருக்கும். கழுத்துத் தசையின்மேல் மெல்லிய மின்வாய்களை ஒட்டுவார்கள். காதுக்குப் பின்னுள்ள எலும்பின்மேல் ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைப்பார்கள். பொம்மை காட்டிக் குழந்தையின் தலையை ஒரு பக்கம் திருப்பச் செய்வார்கள். அப்பொழுது கழுத்துத் தசை இறுகும். உட்செவியின் சிறு பை நலமாக இருந்தால், அதிர்வு பட்டவுடன் அத்தசை ஒரு கணம் தளரும். அதனை இயந்திரம் பதிவு செய்துகொள்ளும். ஊசியில்லை, மயக்க மருந்தில்லை, வலியுமில்லை. தலை நின்ற பிறகே கழுத்து போதிய அளவு இறுகும் என்பதால் 6 மாத வயது பொருத்தமாகிறது. இது ஒரு பகுதியை மட்டுமே காட்டும் முதற்சோதனை. இதில் ஐயம் எழுந்தால் விரிவான சோதனைகள் தொடரும்.

"கண்டுபிடித்து என்ன பயன்? குணமாக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அழிந்த நுண்ணணுக்களைத் திரும்ப வளர்க்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. ஆனால் சமநிலைக்குக் காது மட்டுமே துணையன்று. கண்ணும், பாதமும், மூட்டுகளும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இயன்முறைப் பயிற்சியாளரின் வழிகாட்டலில், இவற்றைக் கொண்டே நிற்கவும் நடக்கவும் குழந்தையைப் பழக்கலாம். இளமையில் தொடங்கினால் மூளை விரைந்து கற்கும். பயிற்சிக்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்க வைத்து விளையாடுவதும், உட்கார்ந்தபடி எட்டிப் பொருளை எடுக்கச் செய்வதும், கையைப் பிடித்துப் புல்தரையில் நடத்துவதும் வீட்டிலேயே செய்யத்தக்கவை.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, தண்ணீர். சமநிலை உறுப்பு வேலை செய்யாத பிள்ளை நீரில் மூழ்கினால், எது மேல், எது கீழ் என்று அறிய இயலாமற் போகலாம். கலங்கிய நீரில் கண்ணும் உதவாது. தோட்டத்துக் கால்வாயும் குட்டையும் ஆறும் இப்பிள்ளைகளுக்கு இரு மடங்கு ஆபத்தானவை. பெரியவர் துணையின்றி ஒருபோதும் இறங்க விடாதீர்கள். இரண்டாவது, கண். பிறவியிலேயே முற்றிலும் காது கேளாமல், நடையும் மிகத் தாமதித்த சில குழந்தைகளுக்கு, வளர வளர இரவுப் பார்வை மங்கும் பரம்பரை நோய் இருக்கக்கூடும். அதனை முன்னரே அறிந்தால் கேட்கும் கருவியையும் கல்வியையும் காலத்தே அமைத்துக் கொடுக்கலாம்.

ஆகவே பெற்றோரை நாம் வேண்டுவன இவை. குழந்தையின் செவியை 1 மாதத்திற்குள் சோதியுங்கள். ஐயமிருந்தால் 3 மாதத்திற்குள் முடிவு தெரிந்துகொள்ளுங்கள். குறை உறுதியானால் 6 மாதத்திற்குள் உதவி பெறுங்கள். அப்பொழுதே, "சமநிலையையும் பார்க்க இயலுமா?" என்று கேளுங்கள். தலை நின்ற நாளையும் நடந்த நாளையும் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் குறித்து வைத்து, கிளினிக்குக்குத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

நகர மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை நாம் அறிவோம். அந்த இழப்பு சிறிதன்று. ஆயினும் அந்த ஒரு நாளில், "இவன் சோம்பேறி" என்ற சொல் ஒரு பிள்ளையின்மேல் விழாமல் தடுக்கலாம். அவன் கால் ஊன்றும் வழியையும் அறிந்துவரலாம். அதனை மனத்திற்கொண்டு புறப்படுங்கள்.