படுத்திருப்பவர் ஓட முடியாது

(சங்கத்தின் மும்பைக் கிளைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்கு ‘மருத்துவமனைகளில் தீப்பாதுகாப்பு’ என்று துண்டறிக்கையில் தலைப்புப் போட்டதும் சில நண்பர்கள் கேட்டார்கள்: “வாடகை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, தீயணைப்பு நிலையத்தார் பேச வேண்டியதை நாம் ஏன் பேச வேண்டும்?” நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும். 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்க்கு 75 காசு நம்மிடமிருந்தும், 3 ரூபாய் 25 காசு முதலாளியிடமிருந்தும் போகிறது. முதலாளி கட்டுவதும் நம் உழைப்பில் விளைந்ததுதான். இந்தக் காசில் நடப்பவை இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள். அவை எவரும் நமக்கு இட்ட பிச்சையல்ல, நம் சொத்து.

அப்படி நம் சொத்தான ஒன்று, அந்தேரி மரோலில் உள்ள இ.எஸ்.ஐ. காம்கார் மருத்துவமனை, 2018 டிசம்பர் 17ஆம் நாள் பிற்பகலில் தீப்பற்றியது. கீழே பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். தப்பிக்க வழி தெரியாமல் ஜன்னல் வழியே குதித்தவர்களும் உண்டு. தீயணைப்புத் துறையின் இறுதிச் சான்று இல்லாமலே அங்கே நோயாளிகளைச் சேர்த்து வந்தார்கள் என்ற செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. சந்தா கட்டத் தாமதமானால் முதலாளிக்கு ஆண்டுக்கு 12 சதம் வட்டி போடத் தெரிந்த நிர்வாகம் அது. தன் கட்டடத்துக்கு ஒரு சான்று வாங்க அதற்குத் தெரியவில்லை! இதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

மருத்துவமனைத் தீ மற்ற இடத்துத் தீயைப் போன்றதல்ல, தோழர்களே. சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்தால் ஜனங்கள் எழுந்து ஓடுவார்கள். ஆலையில் பிடித்தாலும் அப்படியே. இங்கே படுத்திருப்பவர் எங்கே ஓடுவார்? காலில் கட்டு, கையில் குளுக்கோஸ் குழாய், மூக்கில் ஆக்சிஜன். அவரை ஒருவர் தூக்கினால்தான் உண்டு. போதாக்குறைக்கு அந்த ஆக்சிஜனே தீக்குத் துணை போகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் அது நூற்றுக்கு 21 பங்கு. தீவிர சிகிச்சை அறையில் குழாய் கசிந்து அந்த அளவு சில பங்கு கூடினாலே, மெதுவாகக் கருகவேண்டிய துணியும் மெத்தையும் குபீரென்று எரியும். ஜன்னல்கள் அடைத்த அறை, இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனம், ஒரே இணைப்பில் நான்கைந்து இயந்திரங்கள். ஒரு கம்பி சூடேறினால் போதும். அதற்குப் பிறகு ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு அல்ல, புகை.

கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9ஆம் நாள் விடியுமுன் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். தாக்குரியாவில் அன்று இருந்த ஆம்ரி மருத்துவமனை, பணக்காரர்கள் போன இடம். கார் நிறுத்த அனுமதி வாங்கிய நிலவறையில் எரியக்கூடிய சாமான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அங்கே பற்றிய தீயின் புகை, குளிர்காற்றுக் குழாய்களின் வழியே மாடி மாடியாக ஏறியது. வெளியே அழகான கண்ணாடிச் சுவர்; திறக்க வழியில்லை. சுமார் 90 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் மேல் தீயே படவில்லை.

அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு குடிசைப் பகுதி. புகையை முதலில் கண்டவர்கள் அந்தக் குடிசை மக்கள். ஓடிப்போய்ச் சொன்னவர்களைக் காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே மக்கள்தான் பிறகு சுவரேறிக் கண்ணாடியை உடைத்து, மூங்கிலும் கயிறும் கொண்டு நோயாளிகளை இறக்கினார்கள். உள்ளே கேரளத்திலிருந்து பிழைக்க வந்த இரண்டு இளம் நர்சுகள், தங்கள் வார்டில் எட்டுப் பேரைக் காப்பாற்றிவிட்டு ஒன்பதாமவருக்காகத் திரும்பிப் போனவர்கள், வெளியே வரவில்லை. குடிசைவாசிக்கும் வெளியூர்க்காரருக்கும் இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் வேண்டுமா?

நம் மகாராஷ்டிரத்துக்கு வருவோம். 2021 ஜனவரி 9ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தீ. பதினேழு சிசுக்களில் 10 போயின. நாடே அழுதது. மாநிலத்தின் மருத்துவமனைகள் அனைத்திலும் தீப்பாதுகாப்புச் சோதனை நடத்த ஆணை பிறந்தது. ஆணை பிறந்தது, அதன் பிறகு என்ன நடந்தது? மார்ச்சில் பாண்டுப்பில், வணிக வளாகத்தின் மாடியில் நடந்த மருத்துவமனையில் தீ. ஏப்ரல் 23இல் விரார்; தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றே 13 பேர். நவம்பர் 6இல் அன்றைய அகமத்நகர் அரசு மருத்துவமனை, 11 பேர். எல்லாம் அதே ஒரே ஆண்டில்! ஆணையைப் போட்டவர்கள் காகிதத்தை எண்ணினார்கள், மின்கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றுதான் நாம் முடிவு கட்ட வேண்டியிருக்கிறது.

இது ஒரு மாநிலத்தின் நோயும் அல்ல. 2024 மே மாதம் டில்லி விவேக் விகாரில் காலாவதியான உரிமத்தோடு நடந்த குழந்தைகள் மருத்துவமனை, நவம்பரில் ஜான்சி, 2025 அக்டோபரில் ஜெய்ப்பூர். “ஊரில் அப்படியில்லை” என்று பெருமை பேசவும் வழியில்லை. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் இறந்தவர்களில் சிலர் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மகாராஷ்டிரத் தீத்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2006ஆம் ஆண்டினது. கட்டட உரிமையாளரோ அதை வைத்து நடத்துபவரோ, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு தீக்கருவிகளைப் பராமரித்து, ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அவை சரியாக இருக்கின்றன என்ற சான்றைத் தீயணைப்பு அதிகாரிக்குத் தந்தாக வேண்டும். ‘பி’ படிவம் என்பார்கள். இந்தச் சொல்லை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கட்டணப் பட்டியலையும் ‘அமைதி காக்கவும்’ பலகையையும் வாசலில் மாட்டுகிறவர்கள், இந்த ‘பி’ படிவத்தின் நகலையும் மாட்டட்டும். இதுவே நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை நம்மவர்களைப் பற்றியது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வார்டு பாய் இருக்கிறீர்கள், ஆயாக்கள் இருக்கிறீர்கள், துப்புரவு வேலையும் காவல் வேலையும் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையருகே நிற்பது பெரிய டாக்டரா? நீங்களும் ஒரு நர்சும்தான். ஆனால் தீப்பயிற்சி என்று ஒன்று நடந்தால் நிரந்தர ஊழியரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். சுவரில் தொங்கும் சிவப்புச் சிலிண்டரைப் பத்தாண்டாகத் துடைக்கிறேன், ஒருநாளும் அழுத்திப் பார்த்ததில்லை என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னார். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவர் கணக்கில் சேரமாட்டாராம். தீக்கு அந்தக் கணக்கு தெரியுமா?

நிர்வாகம் சொல்லித் தரும்வரை காத்திராமல் சிலவற்றை இங்கேயே தெரிந்துகொள்வோம். சிலிண்டரின் ஊசியைப் பிடுங்கி, குழாயைச் சுவாலைக்கு அல்ல, தீயின் அடிக்குக் காட்டி, பிடியை அழுத்தி இருபுறமும் வீச வேண்டும். மின்தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நோயாளியை உடனே மாடிப்படியில் இறக்கப் பார்ப்பதைவிட, முதலில் அதே தளத்தில் புகையில்லாத அடுத்த வார்டுக்குக் கொண்டுபோய் இடைக்கதவைச் சாத்துவது மேல். தூக்க ஆளில்லையென்றால் படுக்கை விரிப்போடு தரையில் இறக்கி, தலைப்பக்கமாக இழுத்துச் செல்லலாம். ஒரு பெண்ணாலும் அது முடியும். புகையில் குனிந்து போங்கள், லிஃப்டைத் தொடாதீர்கள். ஆக்சிஜன் வால்வு எங்கே இருக்கிறது என்று நர்சிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் அதை மூடாதீர்கள், இன்னொருவர் மூச்சு அதில் இருக்கும். 101க்குப் போன் செய்ய எந்த மேலாளரின் அனுமதியும் தேவையில்லை.

நோயாளிக்குத் துணையாகப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மாடிப்படியிலும் அவசரக் கதவடியிலும் பாயை விரித்துப் படுக்கிறோம். வேறு இடம் தராதது நிர்வாகத்தின் குற்றம்தான், அதையும் கேட்போம். ஆனாலும் அந்தக் கதவை மறிக்காதீர்கள். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று அன்றே கேளுங்கள்.

“நாம் வந்தேறிகள், கேட்டால் காது கொடுப்பார்களா?” என்ற அச்சம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. மரோலில் சிக்கிக்கொண்டவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று புகை கேட்கவில்லை. மராத்தித் தோழர்களின் சங்கங்களையும் உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டே இந்த மனுவைக் கொடுக்கப் போகிறோம். மராத்தியிலும் தமிழிலும் மனு தயாராகி வாசல் மேசையில் இருக்கிறது. ஜூலைச் சான்று வரவேண்டிய மாதத்தில், மனு கொடுத்த ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஐந்தைந்து பேராகப் போய்ப் படிவத்தைக் கேட்டுப் பார்ப்போம்; வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். வார்டு வேலை செய்கிறவர்கள் உங்கள் ஒப்பந்தக்காரர் பெயரை எழுத வேண்டாம். எந்தத் தளத்தில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.