நெய்தலின் புதிய கருப்பொருள்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதை நிலத்தை வெறும் பின்னணியாகக் கொண்டதில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்தே திணை இலக்கணம் வகுக்கப்பட்டது. மனத்தின் உணர்வாகிய உரிப்பொருள் தானாகத் தோன்றுவதில்லை. மக்கள், உணவு, ஊர், நீர், தொழில் முதலாகிய கருப்பொருள்களின் மீது கால் ஊன்றியே அது எழுகிறது. நெய்தலுக்கு மக்களாகப் பரதவரும் அளவரும், ஊராகப் பட்டினமும் பாக்கமும், நீராக உப்புக் கரிக்கும் கிணறும், தொழிலாக மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் கூறப்பட்டன. உப்பேற்றிய வண்டிகளோடு நெடுவழி செல்லும் உமணரையும், கொற்கைத் துறையின் முத்தையும் சங்கப் புலவர் விரும்பிப் பாடினர்.

கொற்கையின் துறை மணல் மூடிப்போன பின்னர் அதன் வாழ்வைப் பெற்றுக்கொண்ட ஊர்களுள் தலையாயது தூத்துக்குடி. இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் இந்நகரின் கருப்பொருள்கள் எவை, அவற்றைப் பிற்காலக் கவிதை எந்த அளவுக்குப் போற்றியது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கப்பலும் தோணியும்

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் ஏறத்தாழ 5 மைல் தொலைவில் நங்கூரம் இட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். பருத்திப் பொதியாயினும், நிலாவரை இலை மூட்டையாயினும், கருப்புக்கட்டிச் சிப்பமாயினும் தோணியில் ஏறாமல் கடல் கடந்ததில்லை. தோணியைச் செலுத்தும் தலைவன் தண்டல் எனப்பட்டான். கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றை அது வரும் திசையால் பெயரிட்டறிந்து, பாய் விரிக்கும் காலத்தையும் சுருட்டும் காலத்தையும் முடிவு செய்பவன் அவனே.

1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. அது முதல் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் புகைவண்டியில் தூத்துக்குடி வரை வந்து, அங்கிருந்து கப்பல் ஏறினர். வழக்குரைஞர், வணிகர், பாதிரிமார், அதிகாரிகள் ஆகியோருடன் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர்களும் இவ்வழியே சென்றனர். அவர்களைத் தங்கவைத்து அனுப்புதற்கென நகரை அடுத்த தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. ஒரே கப்பலின் மேல்வகுப்பில் செல்வமும் அடித்தளத்தில் வறுமையும் பயணம் செய்தன. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பர். கடலுக்குச் சென்ற தலைவனை எண்ணித் தலைவி இரங்கியது பழைய நெய்தல். குடும்பமே கரையை விட்டுப் போக, ஊர் இரங்கியது புதிய நெய்தல்.

நகரின் தொழில்கள்

கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி தூத்துக்குடிக்கு வந்தே பொதியாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாயிற்று. அப்பருத்தியை நூலாக்கும் ஆலையும் இங்கேயே எழுந்தது. ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் ஆலை 1888இல் தோன்றியது. உழவையும் கடலையும் அன்றி வேறு தொழில் அறியாத குடும்பங்கள், சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு வீடு திரும்பும் புதிய வாழ்க்கைக்கு உட்பட்டன. கதிரவனையும் கடலின் ஏற்றவற்றத்தையும் பார்த்துப் பொழுதறிந்த ஊரில் ஆலைச் சங்கு பொழுதறிவிக்கத் தொடங்கியது ஒரு பெரும் மாற்றமே.

உப்பளத் தொழில் இம்மண்ணுக்குப் பழையது. மழை குறைவும் வெயில் மிகுதியும் பிற ஊர்க்குக் கேடாக இருக்க, உப்பு விளைவார்க்கு அவையே முதலாயின. பாத்தியில் நீர் பாய்ச்சி, வெயிலில் உறையவிட்டு, வாருபலகையால் உப்பை வாரிக் குவித்தனர். விளைத்தவர் இவர்களாயினும் விளைவின் மீது வரியும் கட்டுப்பாடும் அரசுடையனவாக இருந்தன.

சங்கு குளித்தலும் முத்துக் குளித்தலும் கடலடித் தொழில்கள். முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடைபெறுவதன்று. சிப்பி விளைந்த ஆண்டில் மட்டுமே நடைபெறும். ஆதலின் முத்து நகரின் புகழாயிற்றே ஒழிய நாட்கூலியாக இருந்ததில்லை. சங்கோ ஆண்டுதோறும் பயன் தந்தது. இங்குக் குளித்தெடுத்த சங்குகள் வங்கம் சென்று, அங்கு வளையலாக அறுக்கப்பட்டு, மணமகளிர் கைகளை அணி செய்தன. தூத்துக்குடிக் கடலடியில் மூச்சடக்கிய ஒருவனின் உழைப்பு, அவன் காணாத ஊரில் மங்கலப் பொருளாயிற்று. கவிதைக்கு இதனினும் சிறந்த பொருள் வேறு வேண்டுமோ?

சங்கத்தாரும் கப்பலாரும்

இத்தகைய நகருக்கு 1900இல் வழக்குரைஞராக வந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கும்பெனியின் கையில் இருந்த காலம் அது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பங்கின் விலையை 25 ரூபாய் என்று வைத்தமை, பெருஞ்செல்வர் மட்டுமன்றி நடுத்தர வணிகரும் பங்கேற்க வேண்டும் என்னும் கருத்தைப் புலப்படுத்துகிறது. எனினும் பெருந்தொகை தந்தோர் இன்றியமையாதவராயினர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் பெற்று, சங்கத்தின் செயலாளராகவும் விளங்கினார்.

சங்கத்தின் தலைவராக அமைந்தவர் பாண்டித்துரைத் தேவர் என்பது இலக்கிய அன்பர்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அவரே, ஐந்தாண்டு கழித்துக் கப்பற் சங்கத்துக்கும் தலைமை ஏற்றார். ஏடு தேடியவரும் கப்பல் தேடியவரும் ஒருவரே. தமிழ் வளர்த்தலும் தொழில் வளர்த்தலும் இருவேறு பணிகள் என்னும் எண்ணம் அக்காலப் பெரியோர்க்கு இருந்ததில்லை. வ.உ.சி. அவர்களும் அத்தகையவரே. நெசவுசாலை, பண்டகசாலை முதலியவற்றையும் தோற்றுவித்த அவர், பிற்காலத்தில் தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார்.

முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. எதிர்க் கும்பெனியின் நெருக்குதலால் அவை கைவிட்டுப் போக, சொந்தக் கப்பல் இன்றிச் சொந்தத் தொழில் இல்லை என்பது தெளிவாயிற்று. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கட்டணப் போட்டி மூண்டது. எதிர்க் கும்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்று, முடிவில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்தது என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. நட்டத்தைத் தாங்க வல்ல பெருமுதலும் தாங்க இயலாச் சிறுமுதலும் மோதிய போர் அது. அப்போரில் சுதேசிச் சங்கத்துக்குத் துணை நின்றது கட்டணத்தைப் பாராது கப்பலைப் பார்த்து ஏறிய பயணிகளின் உறுதியே ஆகும்.

முடிதிருத்துவோரும் வண்டி ஓட்டுவோரும்

1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்தம் முதன்மைக் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். வேலைநிறுத்தம் 9 நாள் நீடித்து வெற்றியில் முடிந்தது. கூலி இல்லாத 9 நாளும் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரிந்தது எவ்வாறு? நகரத்தார் பொருள் திரட்டினர். சிலர்க்கு வேறு வேலை தேடித் தரப்பட்டது. ஆலைக்குள் எழுந்த வழக்கை ஊர் தன் வழக்காக ஏற்றுக்கொண்டது.

ஊரின் பணியாளர்கள் ஆற்றிய பங்கு இதனினும் வியப்புக்குரியது. தொழிலாளர்க்கு எதிராகப் பேசிய வழக்குரைஞர் ஒருவர்க்கு முடிதிருத்திக் கொண்டிருந்தவர், செய்தி அறிந்ததும் பணியைப் பாதியில் நிறுத்தி எழுந்து சென்றார் என்னும் செய்தி வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. மார்ச் 12ஆம் நாள் தலைவர்கள் சிறைப்பட்டபின் கடைகள் அடைக்கப்பட்டன. முடிதிருத்துவோரும் குதிரை வண்டி ஓட்டுவோரும் பணியை நிறுத்தினர்.

இதன் உட்பொருள் எண்ணத்தக்கது. சவரமும் சலவையும் வண்டியும் நாள்தோறும் கிடைப்பன. கிடைக்கும் வரை எவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவை ஒருநாள் நின்றபோதுதான் ஒரு நகரம் எவர் கைகளால் நடைபெறுகிறது என்பது அரசுக்கும் செல்வர்க்கும் விளங்கியது. சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒருவர், மேல்நிலையில் இருந்த ஒருவர்க்குத் தம் பணியை மறுப்பது எளிய செயலன்று. மேடையில் முழங்கியவர் பெயர்கள் வரலாற்றில் நின்றன. கத்தியை மடித்துவைத்து எழுந்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. தலைவரை இழந்த கப்பற் சங்கம் நட்டத்தில் தளர்ந்து 1911இல் கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறை மட்டுமே அதனை அழித்தது என்பது முழு உண்மையாகாது. கட்டணப் போட்டி உண்டாக்கிய நட்டமும், அரசியல் வேண்டா, வணிகம் போதும் என்று எண்ணிய பங்குதாரரின் அச்சமும் சேர்ந்தே அதனை வீழ்த்தின. வீரம் ஒருவரிடம் இருந்தால் போதும். தொழில் நிலைக்கப் பலரிடம் பொறுமை வேண்டும்.

வங்கியும் குடிநீரும்

கப்பற் சங்கம் மறைந்த மூன்றாம் ஆண்டில் நகருக்கு மற்றோர் அடி விழுந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இலங்கைப் பயணிகளின் நெடுவழி தனுஷ்கோடிக்கு மாறியது. ஆயினும் தூத்துக்குடி வீழ்ந்துவிடவில்லை. சரக்கும் தோணியும் ஆலையும் உப்பும் அதனைத் தாங்கின. 1921இல் இந்நகரில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1937இல் கொழும்பிலும் கிளை திறந்த அவ்வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றம் பெற்று இன்றும் நிலைத்துள்ளது. ஒரு சமூகத்தார் தம் சேமிப்பைத் தாமே ஆண்டு, பின் அதனைப் பொதுவாக்கிய வரலாறு அது.

எல்லாவற்றுக்கும் மேலாக நகரை வருத்தியது தண்ணீர். கடல் சூழ்ந்த ஊரில் குடிக்க நீர் இல்லை. இலக்கணம் நெய்தலுக்கு உரைத்த உவர்க்கிணறு, ஏட்டில் கருப்பொருள். வீட்டில் பெண்களின் இடுப்பொடிக்கும் துன்பம். 1866 முதல் நகராட்சி இருந்தும் இத்துன்பம் நெடுங்காலம் தீரவில்லை. 1909இல் முதன்முறையாக நகராட்சித் தலைவரான குரூஸ் பர்னாந்து, ஐந்து முறை அப்பொறுப்பை வகித்து, நல்ல நீர் கொணர்வதையே தம் பணியின் குறிக்கோளாகக் கொண்டார். 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே நகரை வந்தடைந்தது. 1930இல் அவர் மறைந்தார். நகரத்தார் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்று போற்றுகின்றனர். குழாயில் வரும் நீருக்கு முழக்கமில்லை. ஆயினும் ஊரின் நிலத்தியல்பையே மாற்றிய அப்பணி, கப்பலுக்கு இணையான அருஞ்செயலே எனலாம்.

கவிதையின் கடமை

இனி, கவிதை என்ன செய்தது என்பதை நோக்கலாம். கப்பலோட்டிய தமிழனைப் பாடாத கவியரங்கம் இல்லை. அது நன்றே. ஆனால் அப்பாடல்களில் பெரும்பாலானவற்றில் கடல் உண்டு, கப்பல் உண்டு, சிறை உண்டு, செக்கு உண்டு, தோணி இல்லை. காலியா கொணர்ந்த சரக்கைக் கரை சேர்த்தது எது என்று எவரும் வினவவில்லை. உரைநடை இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' புதினம் தோணித் தொழிலையும் நகரின் பல்வேறு மக்களையும் விரிவாகப் பதிவு செய்து, 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகள் கப்பற் சங்க வரலாற்றையும் 1908 எழுச்சியையும் ஆவணங்களின் துணையோடு விளக்கியுள்ளன. கவிதை இன்னும் வீரவணக்கத்திலேயே நிற்கிறது.

வீரவணக்கத்தால் விளையும் தீமை ஒன்றுண்டு. அது தலைவரைப் பீடத்தில் ஏற்றி, அவரைத் தாங்கிய ஊரை மறக்கச் செய்கிறது. ஊர் மறக்கப்படும்போது ஊரின் சொற்களும் மறைகின்றன. தண்டல், கச்சான், சோழகம், சலாபம், வாருபலகை ஆகிய சொற்கள் அகராதியில் மட்டும் எஞ்சுமாயின், நெய்தல் என்பதும் தேர்வுக்குரிய வினாவாகவே எஞ்சும். சங்கப் புலவர் உமணரின் வண்டி அச்சு முறிவதையும் பாடினர். அதனாலேயே ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவ்வண்டி ஓடுகிறது. தோணிக்கும் ஆலைச் சங்குக்கும் வல்லநாட்டுக் குழாய்க்கும் அத்தகைய பேறு கிடைக்க வேண்டாவா?

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் கருப்பொருளைத் தேடிப் பதிவு செய்வாராக. பழைய கணக்கேடுகளிலும், நகராட்சிப் பதிவுகளிலும், முதியோர் நாவிலும் அவை இன்னும் உள்ளன. முதியோர் நாவில் உள்ளவை நெடுநாள் காத்திருக்க மாட்டா. அடுத்த பத்தாண்டு மலரில் பெயர் தெரியாத அம்முடிதிருத்துவோர்க்கும் ஒரு கவிதை இடம்பெறுமாயின், இவ்வட்டத்தின் பணி நிறைவுடையதாகும்.