தோணியும் துறையும்

கல்லடியிலே ஒரு வீடு. க.பொ.த. பெறுபேறு வெளியாகும் நாள். ரவுட்டரின் விளக்குகள் எரிகின்றன. பரீட்சைத் திணைக்களப் பக்கமோ திறக்கவில்லை. அன்று அங்கே நெரிசல் இருக்கலாமென்று மாணவி வேறு பக்கங்களை நாடுகிறாள், அவையும் திறக்கவில்லை. கம்பி பழுதென்கின்றனர் வீட்டார். பெரும்பாலும் வீண்பழி!

இணையத்தில் முகவரி என்பது எண்ணே. பெயரை எண்ணாக்கும் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார், 2010இல் ‘.இலங்கை’ என்னும் தமிழ்ப் பெயரும் அதிற் சேர்ந்தது. அம்முறை தடைப்பட்டால், வாவியிலே தோணி ஓடும். துறை எதுவெனத் தோணிக்காரர் அறியார்.

கணினியிலிருந்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் ‘பிங்’ அனுப்புக. மறுமொழி வந்தால் பாதை சீரானது. ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குக. பயனில்லையேல், அதன் அமைப்பில் டி.என்.எஸ். என்றுள்ள இடத்தில் அவ்வெண்ணையே இடுக. ஒரு கருவியில் மட்டுமே குறையெனின், ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை.